உள்ளிருந்து விழுந்த அடி

இரண்டு கைகளும் முழங்கைவரை சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்தவைபோல் வெளுத்திருந்தன. வலது கை, ரப்பர் கட்டையில் சுற்றிய வாட்டர் பேப்பர் உப்புத்தாளைப் படகின் விலாவில் அழுத்தி ஓட்டியது. இடது கை ஈரத் துணியுடன் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தது. நாலு தரம் நீளவாக்கில், நாலு தரம் குறுக்கே, பிறகு ஒரு குவளைத் தண்ணீர். நடுவிரல் நுனியில் தோல் தேய்ந்து ரத்தம் கசிந்தபோது, அதைப் படகில் படவிடாமல் புடவையில் துடைத்துவிட்டுக் கை மறுபடி கட்டையைப் பிடித்தது. ஆட்டைத் தொங்கவிட்டுத் தோல் உரிக்கிறவனிடம் இருக்கும் வேகமும் நிதானமும் அந்தக் கைகளில் இருந்தன.

ஃபைபர் படகின் மேல்தோலை ஜெல்கோட் என்பார்கள். நகத்தின் கனம்தான் இருக்கும். படகுக்கு நிறமும் பளபளப்பும் தருவது அதுதான். உள்ளே தண்ணீர் ஊறாமல் காப்பதும் அதுதான். இரண்டு கோடை வெயிலில் கிடந்தால் அது மாவு பூத்துவிடும். விரலால் தொட்டால் வெள்ளை ஒட்டும். அந்த மாவைத் தேய்த்து எடுத்து, அடியில் இருக்கும் நல்ல தோலைக் கண்டுபிடித்து, அதை மெருகேற்றி மெழுகு பூசுவது ஒரு வேலை. தண்டலத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த நடேசனின் ஃபைபர் கொட்டகையில் பத்து வருஷமாக அந்த வேலையைச் செய்தவள் லூர்தம்மாள். 1991 அக்டோபரில் அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

கொட்டகையில் தண்ணீர்த் தொட்டி செய்தார்கள், குளியல் தொட்டி செய்தார்கள், பஸ் சீட்டு செய்தார்கள். எப்போதாவது படகு வரும். இந்தப் படகு டிராக்டரில் தார்ப்பாயால் மூடி வந்தது. பக்கத்து ஊர்க் கூட்டத்தில் மனித வெடிகுண்டு வெடித்த மே மாதத்திலிருந்து நெடுஞ்சாலையில் போலீஸ் நின்று எல்லா வண்டியையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்ததால், தார்ப்பாயை இரண்டு இடத்தில் அவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த பாண்டுரங்கனின் படகு அது. மூக்கில் ஏழாம் எண் எழுதியிருந்தது.

எண்ணைப் பார்த்ததும் லூர்தம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் இந்தப் படகில்தான் ரத்தினம் செத்தான். அவன் பாண்டுரங்கனிடம் துடுப்பு போட்டவன். அவனைக் கொன்றதாகச் சொல்லி ரிமாண்டில் வைக்கப்பட்டிருந்தவன் சாம்சன். சாம்சன் லூர்தம்மாளின் தம்பி.

பாண்டுரங்கன் தரப்பு சொன்ன கதை இது. குத்தகை இல்லாமல் ஏரியில் வலை விட்டு வந்த சாம்சன், விடியற்காலையில் பிடிபட்டதும், இரும்புப் பட்டை அடித்த தன் மரப்படகை ஏழாம் நம்பர் படகின் இடது விலாவில் மோதினான். மோதிய வேகத்தில் ரத்தினம் தூக்கி எறியப்பட்டு மண்டை உடைந்து செத்தான். படகில் இருந்த இன்னொருவன் பாண்டுரங்கனின் மச்சான் செந்தமிழன். அவன்தான் சாட்சி. போலீஸ் படகைப் பார்த்தது. விலாவில் நசுங்கல் என்று எழுதியது. படகைச் சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

லூர்தம்மாள் அந்தக் கதையை நம்பினாள். தம்பியின் கையை அவளுக்குத் தெரியும். அவளைக் கட்டியவன் லாரி ஓட்டியவன். குடித்துவிட்டு வந்து சைக்கிள் செயினால் அடிப்பான். ஒரு நாள் அவள் முதுகைப் பார்த்துவிட்டுச் சாம்சன் வெளியே போனான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் ஜனம் நிற்கையில், அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றி எடுத்து வந்து அத்தானின் தாடையில் அடித்தான். பல்லும் எலும்பும் சேர்ந்து உடைந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. விழுந்தவனை மறுபடி அடித்தான். நாலு பேர் பிடித்து இழுக்கும்வரை நிறுத்தவில்லை. அவள் புருஷன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பெங்களூருக்குப் போனவன், திரும்பவில்லை. அவள் நிம்மதியாகத் தூங்கியது அதற்குப் பிறகுதான். தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்ததும் அதற்குப் பிறகுதான்.

ரத்தினம் செத்த அன்று போலீஸ் வந்து கேட்டபோது, கோபம் வந்தால் தம்பி என்ன செய்வான் என்று சொல்ல முடியாது சார் என்றாள். அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சாம்சன் சொன்னான்:

"மோதுனேன்க்கா. இல்லன்னு சொல்லல. ஆனா ரத்தினம் வுழல. நான் படகத் திருப்பிக்கினு போறப்போ அவன் நின்னுக்கினுதான் இருந்தான்."

"உன் கை எனக்குத் தெரியாதாடா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். அதன்பின் பார்க்கப் போகவில்லை.

படகு வந்த அன்று நடேசன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பக்கமே வராதே, வேறு யாரையாவது வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வேறு யாருக்கு வரும் என்று அவள் கேட்டாள். தம்பி செய்ததைத் தன் கையாலேயே தேய்த்து அழித்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. வெறியோடு தேய்த்தாள். தீபாவளிக்கு முன் படகு வேண்டும் என்று பாண்டுரங்கன் சொல்லியிருந்தார். அவள் யாருடைய அக்கா என்று அவருக்குத் தெரியாது. கொட்டகைக்குள் குனிந்து தேய்க்கிற பெண்களை அவர் பார்த்ததே இல்லை.

இரண்டு நாளில் இடது விலா மாவு நீங்கி மழமழவென்று ஆனது. அடுத்தது நீலம் போடுவது. துணிக்குப் போடும் நீலத்தைக் கெட்டியாகக் கரைத்து விலா முழுக்கத் தடவி, பனியன் வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைப்பார்கள். நல்ல தோலில் நீலம் நிற்காது. விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கி நூல்போல் தெரியும். மாவு பூத்த படகில் நீலம் போட்டால் எல்லா இடத்திலும் குடித்துவிடும், ஒன்றும் புரியாது. அதனால்தான் முதலில் தேய்ப்பது.

பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நீலம் நின்றது. குளத்தில் கல் போட்டதுபோல் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். தம்பியின் இரும்புப் பட்டை பட்ட இடம். அதைப் பார்த்ததும் கை நின்றது. துடைப்பதைப் பாதியில் விட்டால் நீலம் காய்ந்து கறையாகிவிடும் என்பதால் முன்பக்கம் நோக்கித் துடைத்துக்கொண்டே போனாள்.

முன்பக்கம், விளிம்புக்கு ஒரு சாண் கீழே, மறுபடி நீலம் நின்றது. இவை வட்டமாக இல்லை. ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் கோடுகள் ஓடின, நட்சத்திரம்போல். கைவிரல் நீளத்துக்குக் கோடுகள். துடைக்கத் துடைக்கப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அப்பால் இன்னொன்று. மூன்று.

இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேலைக்கு வந்த புதிதில் ஒரு குளியல் தொட்டியைத் தேய்த்துத் தேய்த்து நிறமே போய் உள்ளிருக்கும் கண்ணாடி நார் தெரிந்துவிட்டது. நடேசன் திட்டவில்லை. அவள்தான் அன்றிலிருந்து கழித்துப்போட்ட துண்டுகளைப் பொறுக்கி, சாப்பாட்டு நேரத்தில் தேய்த்துப் பார்ப்பதும் சுத்தியால் அடித்துப் பார்ப்பதுமாக இருந்தாள். ஜெல்கோட் இருக்கும் பக்கத்தில் அடித்தால் வட்டம் விழும். ஜெல்கோட் இல்லாத பின்பக்கத்தில் அடித்தால், ஜெல்கோட்டில் நட்சத்திரம் விழும். நூறு தரம் அடித்தாலும் அது மாறாது. வாங்கிப் போனவன் தொட்டி உடைந்து வந்தது என்று சண்டைக்கு வந்தால் நடேசன் லூர்தம்மாளைத்தான் கூப்பிடுவார். அவள் நீலம் போட்டுப் பார்த்து, இது ஏற்றும்போது இடித்தது, இது தொட்டிக்குள் எதையோ போட்டது என்று சொல்லுவாள். வந்தவன் வாயை மூடிக்கொண்டு போவான்.

படகுக்குள் ஏறினாள். உட்புறம் முழுக்கப் பழைய சாம்பல் நிறம். மூன்று நட்சத்திரத்துக்கு நேர் உட்புறத்தில் மட்டும் புதுப் பச்சைப் பெயின்ட். பிளேடால் சுரண்டினாள். அடியில் நார் நசுங்கி வெளுத்திருந்தது. மூன்று இடத்தில். ஒவ்வொன்றும் கடப்பாரை முனையின் அளவு. படகின் அடியில் உட்கார்ந்திருக்கும் ஆளின் தலை உயரம்.

ரத்தினத்தின் தலைக்கு வைத்த குறியில் தப்பியவை மூன்று. தப்பாதவை எத்தனையோ.

நடேசனை இழுத்து வந்து காட்டினாள். அவர் ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். புரிந்ததும் கதவை நோக்கித் திரும்பிப் பார்த்தார்.

"லூர்து, அடச்சித் தேச்சிக் குடுத்துரு. நமக்குப் படகுதான் தெரியும், கேசு தெரியாது."

"போன வருசம் அந்த ஆவடிக்காரன் தொட்டிக்கு மட்டும் அடி எங்கேர்ந்து வுழுந்ததுன்னு என்னக் கேட்டியே. இப்ப கேக்க மாட்டியாண்ணே?"

"தொட்டிக்காரன் கடப்பாரை வெச்சிக்கினு வர மாட்டான்."

ஒரு நாள் பொறு, யோசிக்கிறேன் என்றார். அவர் யோசிப்பது பயந்த ஆள் யோசிப்பது என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை அவளே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போனாள். எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வா என்றார்கள். படகு, விரிசல் என்று அவள் சொன்னதை ஏட்டு கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்.

அவள் இல்லாத நேரத்தில் செந்தமிழன் படகைப் பார்க்க வந்தான். இடது விலாவில் நீல நட்சத்திரங்கள் அடைக்காமல் இருந்தன. ஏன் இன்னும் அடைக்கவில்லை என்று கேட்டான். பிசின் கலக்கும் முனியம்மாள் ஒரு கபடும் இல்லாமல், அதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கும் சாம்சன் அக்கா வந்தால்தான், அவளைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

லூர்தம்மாள் திரும்பி வரும்போது மணி பன்னிரண்டு இருக்கும். நடேசன் மண்ணில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். விரல்களுக்கு நடுவில் ரத்தம் ஒழுகியது. முனியம்மாள் மூலையில் பிசின் பீப்பாய்க்குப் பின்னால் நின்றாள். செந்தமிழன் லூர்தம்மாளைப் பார்த்து, வா என்பதுபோல் தலையை ஆட்டினான். அருகில் வந்ததும் அறைந்தான். விழப்போனவளின் கொண்டையைப் பிடித்து நிறுத்தி, அவள் நெற்றியைப் படகின் விளிம்பில் மோதினான். ஒரு தரம் மோதிவிட்டு முகத்தைத் திருப்பிப் பார்த்தான். மறுபடி மோதினான். புருவத்துக்கு மேல் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

"இன்னாமே, போலீசுக்குப் போனியா? அடைடீ அத்த. இப்பவே அடை."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவன் வயிற்றில் உதைத்தான். அவள் மடங்கி உட்கார்ந்தாள். மாட்டேன் என்றுதான் மறுபடியும் சொன்னாள்.

அவன் அவளை விட்டுவிட்டு மெஷினை எடுத்தான். கல் சக்கரம் சுழலும் கைமெஷின். அதைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து முன்னால் இருந்த நட்சத்திரத்தின்மேல் அழுத்தினான். சக்கரம் துள்ளியது. வெள்ளைத் தூள் புகைபோல் கிளம்பியது. ஒரு நிமிஷத்தில் அந்த நட்சத்திரம் இருந்த இடம் குழியாகி, நார் பிய்ந்து தொங்கியது. லூர்தம்மாள் கத்தினாள். தன்னை அடித்தபோது வராத சத்தம் அது. மெஷின் எகிறி அவன் தொடையைக் கிழித்தது. அவன் அதைத் தூக்கி எறிந்தான். மின்சாரக் கம்பி பிடுங்கிக்கொண்டு மெஷின் நின்றது.

தொடையிலிருந்து ரத்தம் வேட்டியில் பரவிக்கொண்டிருந்தது. அவன் நிற்கவில்லை. மிச்சத்தை மூடிவிட்டால் போதும் என்று நினைத்திருப்பான். அலமாரியிலிருந்து ஜெல்கோட் டப்பாவைக் கீழே இறக்கினான். பக்கத்தில் இருந்த இரண்டு பாட்டிலையும் எடுத்தான்.

ஜெல்கோட் தானாக இறுகாது. இரண்டு திரவம் சேர வேண்டும். ஒன்று கோபால்ட், ஊதா நிறம். இன்னொன்று கேட்டலிஸ்ட், பார்க்கத் தண்ணீர்போல் இருக்கும். கோபால்ட்டை முதலில் ஜெல்கோட்டில் விட்டு நன்றாகக் கலக்கி, அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட்டை விட வேண்டும். இரண்டும் நேரடியாக ஒன்றையொன்று தொடக்கூடாது. ஃபைபர் கொட்டகைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லும் முதல் சொல் அதுதான். இரண்டு பாட்டிலையும் எப்போதும் அலமாரியின் இரண்டு கோடியில் வைப்பார்கள். அன்று செந்தமிழன் நடேசனை அடித்தபோது அலமாரி சாய்ந்து பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்திருந்தன. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ப்பார்கள் என்பதை மட்டும் செந்தமிழன் எங்கேயோ பார்த்திருந்தான். ஒரு அலுமினியக் குவளையில் ஊதாவை ஊற்றினான். அதன்மேலேயே மற்றதைச் சாய்த்தான்.

"ரெண்டையும் ஒண்ணா ஊத்தாத" என்றாள் லூர்தம்மாள்.

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அடைக்காமல் தடுக்க அவள் சொல்லும் பொய் என்று நினைத்துக்கொண்டான். அவள் ஒரு தரம்தான் சொன்னாள். இரண்டாம் தரம் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

குவளை வெடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. தீ ஒரு பந்தாக எழுந்து அவன் முகத்தில் மோதிச் சட்டைக்குப் பரவியது. அவன் கைகளால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு படகின்மேல் வந்து விழுந்தான். லூர்தம்மாள் முதலில் அவனைப் படகிலிருந்து பிடித்து இழுத்தாள். படகுக்காகத்தான் இழுத்தாள். அடுத்து, தேய்க்கிற தண்ணீர் நின்ற வாளியைத் தூக்கி அவன்மேல் கவிழ்த்தாள். முனியம்மாள் ஈரச் சாக்கைக் கொண்டு வந்து போட்டாள். நடேசன் ரத்தம் ஒழுகும் வாயோடு எழுந்து வந்து, சிந்திய இடத்தில் எரிந்துகொண்டிருந்த பிசின்மேல் மணலை வாரி இறைத்தார்.

கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணீர் விட வேண்டும். நிறுத்தினால் கருவிழி வெந்துவிடும். அதுவும் கொட்டகையின் சட்டம். லூர்தம்மாள் அவன் மார்பில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டாள். பெருவிரலால் இமையைப் பிரித்துப் பிடித்தாள். உதட்டுத் தோலும் கன்னத்துத் தோலும் உரிந்து கையோடு வந்தது. முனியம்மாள் குடம் குடமாகக் கொண்டுவந்தாள். லூர்தம்மாள் ஒவ்வொரு குடத்தையும் மெல்லிய தாரையாகக் கண்ணில் விட்டாள். அவளுடைய நெற்றி ரத்தமும் அந்தத் தண்ணீரில் சொட்டியது.

"ரத்தினத்த எத்தினி அடி அடிச்ச?" என்று கேட்டாள்.

அவன் அலறினான். பதினொரு குடம் ஆயிற்று.

மே மாதத்துக்குப் பின் அந்தச் சாலையில் பட்டாசு வெடித்தால்கூட ஜீப் வரும். கால் மணி நேரத்தில் துப்பாக்கியோடு போலீஸ் கொட்டகையைச் சுற்றிக்கொண்டது. பந்தோபஸ்தில் இருந்த எஸ்.ஐ.யும் வந்துவிட்டார். வெடிகுண்டு இல்லை என்று அவருக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் பிடித்தது. செந்தமிழனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினார்கள். எஸ்.ஐ. லூர்தம்மாளின் நெற்றியைப் பார்த்துவிட்டு, நீயும் ஏறு என்றார். படகைக் காட்டிவிட்டு ஏறுகிறேன் என்றாள்.

அவர் நட்சத்திரத்தைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார், இரண்டும் விரிசல்தானே என்றார். லூர்தம்மாள் கழிவுக் குவியலிலிருந்து ஒரு சதுரத் துண்டை எடுத்து, இரண்டு செங்கலின்மேல் வைத்து, சுத்தியை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே அடிங்க சார். நான் அடிச்சா நம்ப மாட்டீங்க."

பளபளப்பான பக்கத்தில் ஒரு அடி. துண்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் ஒரு அடி. அவள் நீலம் தடவித் துடைத்துக் காட்டினாள். ஒரு வட்டம். ஒரு நட்சத்திரம். எஸ்.ஐ. இன்னொரு துண்டு கேட்டார். அதையும் அடித்தார். மூன்றாவதையும் அடித்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் படகுக்குள் ஏறி, சுரண்டிய பச்சைப் பெயின்ட்டுக்கு முன்னால் வெகுநேரம் குனிந்திருந்தார். இறங்கி வந்து ஏட்டிடம் எழுதச் சொன்னார்.

படகு கோர்ட்டுக்குப் போகும் என்றார். மெட்ராசிலிருந்து நிபுணர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் மழைக்காலம் முடிந்துதான் வருவார். அதுவரை படகு வெளியில்தான் கிடக்கும்.

லூர்தம்மாள் அது நடக்காது என்றாள். தேய்த்து மெருகு போடாமல் விட்ட தோல் பச்சைப் புண்போல. மழையில் அழுக்கைக் குடிக்கும், வெயிலில் மறுபடி மாவு பூக்கும். தை மாதம் வந்து பார்க்கிறவருக்கு விலா முழுக்கக் கீறலும் கறையுமாகத்தான் தெரியும். அடி விழுந்த இடம் எது, அழுக்கு இறங்கிய இடம் எது என்று அவளாலேயே அப்போது சொல்ல முடியாது. நாலு நாள் கொடுங்கள் என்றாள். எஸ்.ஐ. மூன்று நாள் கொடுத்து, ஒரு கான்ஸ்டபிளை வாசலில் உட்கார வைத்தார்.

நெற்றியில் ஏழு தையலோடு மறுநாள் காலை வேலையை ஆரம்பித்தாள். மெருகு மெஷினைத் தொடவில்லை. அதன் சூட்டில் விரிசல் வாய் திறக்கும். மெருகுக் களிம்பான காம்பவுண்டு உள்ளே போய் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். பனியன் வேஸ்டைக் கொழுக்கட்டைபோல் உருட்டிக் கையாலேயே தேய்த்தாள். மிச்சமிருந்த இரண்டு நட்சத்திரத்தின்மேலும் காகிதம் ஒட்டி மூடினாள். மெஷினால் குடைந்த குழியை அடைக்கவில்லை. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கை தானாக நின்றது. பிய்ந்த நாரை அப்படியே விட அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் விட்டாள்.

இரண்டாம் நாள் பின்பக்கத்துக்கு வந்தாள். தம்பியின் வட்டம். அதை மூடக் காகிதம் வெட்டிக்கொண்டிருக்கையில் முனியம்மாள் பக்கத்தில் வந்து குந்தினாள். தன் வாயால் வந்த வினை என்று அவள் அன்று முழுக்க அழுதுகொண்டிருந்தாள்.

"யக்கா, இத்த மட்டும் தேச்சிடேன். சின்னதுதானே. அந்தாளு வாசல்லதான கீறாரு, அவருக்கு இன்னா தெரியும்? சாம்சன் மோதவே இல்லன்னு ஆயிடும்."

அரை நாள் தேய்த்தால் போய்விடும் வட்டம்தான். லூர்தம்மாள் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். மோதினேன் என்று அவன் சொல்லியிருந்தான். அவன் சொன்னதில் அவள் நம்பியது அது ஒன்றைத்தான். நம்பாத பாதி படகின் முன்பக்கத்தில் இருந்தது. ஒன்றை அழித்துவிட்டால், மற்றதைப் போட்டதும் நீதானே என்று கோர்ட்டில் ஒருவன் கேட்கலாம், கேட்டால் தன்னால் என்ன சொல்ல முடியும் என்று யோசித்தாள். காகிதத்தை வட்டத்தின்மேல் ஒட்டி ஓரத்தை நகத்தால் அழுத்தினாள்.

"இவன் மோதுனான்" என்றாள். "மோதுனது மோதுனதாவே இருக்கட்டும்."

மூன்றாம் நாள் காகிதங்களை எடுத்தாள். புதிதாக நீலம் போட்டுத் துடைத்தாள். விலா கண்ணாடியாக இருந்தது. அதில் இரண்டு நட்சத்திரம், ஒரு குழி, ஒரு வட்டம். வேறு ஒரு கீறலும் இல்லை. தொட்டி வார்க்கும் அச்சுக்குப் பூசும் கெட்டி மெழுகை எடுத்து உள்ளங்கைச் சூட்டில் இளக்கி, விரிசல்களின்மேல் முதலில், பிறகு விலா முழுக்க, வட்டமாகப் பூசினாள். காய்ந்ததும் துடைத்தாள். மறுபடி பூசினாள். மூன்று பூச்சு. தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். துளிகள் ஒட்டாமல் உருண்டு ஓடின. நீலத்தின்மேலும் உருண்டு ஓடின. படகின் உள்பக்கம், சுரண்டிய மூன்று இடத்திலும் அதே மெழுகைப் பூசினாள்.

நாலு மணிக்கு டிராக்டர் வந்தது. கூடவே கொட்டாவி விட்ட அதே ஏட்டு காகிதங்களோடு வந்தார். படகை ஏற்றுமுன் லூர்தம்மாள் அவரை விலாவின் முன் நிற்க வைத்தாள். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடக்கூடாது, வேர்த்து மெழுகு போய்விடும், பருத்தித் துணிதான் போட வேண்டும் என்றாள். இடது பக்கத்தைச் சுவரை ஒட்டி வைக்கக்கூடாது. மேலே யாரும் ஏறி உட்காரக்கூடாது. மாதம் ஒருமுறை தானே வந்து மெழுகு பூசுவதற்குக் காகிதத்தில் எழுதித் தர வேண்டும். ஏட்டு எழுதிக்கொண்டே, நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

"நகம் படாம தொடுங்க" என்றாள்.

அவர் கையைப் பின்னால் இழுத்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை மட்டும் வைத்தார். விலா முழுக்க ஒரு தரம் மெல்ல ஓட்டிப் பார்த்தார். குழி வந்த இடத்தில் கை நின்றது. எடுத்துக்கொண்டார்.

"இதுல நசுங்கல்னு எழுதுனது நான்தாம்மா" என்றார்.

நாலு பேர் தூக்கிப் படகை டிரெய்லரில் வைத்தார்கள். அடியில் வைக்கோல் மூட்டைகளை அவளே சரிபார்த்தாள். மூக்கில் கட்டிய கயிறு அவள் கையில் இருந்தது. நடேசன் வீங்கிய உதட்டோடு ரசீதில் சாட்சிக் கையெழுத்து போட்டார். ஏட்டு பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கையை நீட்டினார். அவள் கயிற்றைக் கொடுத்தாள்.